யார் கணக்கில் விசுவாசம்? ஊழியத்துக்கு நான்கு வழிகள், ஒரு குடும்பக் கணக்கு

"கர்த்தர் கதவைத் திறப்பார், பிரதர்." எங்கள் சபையில் இதைச் சொல்லாதவர் கிடையாது. வேலை தேடும் வாலிபனுக்கும் இதுதான், பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டுக்கும் இதுதான். நானும் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். போன பிப்ரவரியில் ஒரே மாதத்துக்குள் என் முன்னாலேயே மூன்று கதவுகள் திறந்தபோதுதான், இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது என்று புரிந்தது. ஒரு கதவு திறந்தால் சாட்சி சொல்லலாம். மூன்று திறந்தால் உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். வயது 47. வீடு மலேசியாவில், பட்டர்வொர்த்தில். வேலை பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில், ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அந்தத் தொழிற்பேட்டை 1972இல் வந்தது. என் அம்மாவும் அங்கேதான் உற்பத்தி லைனில் உட்கார்ந்து எங்களை ஆளாக்கினார். பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரை இருபத்திரண்டு வருஷமாக மோட்டார் சைக்கிளில் கடந்துகொண்டிருக்கிறேன். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. மூத்தவள் கல்லூரியில், இளையவன் படிவம் 4, அதாவது இடைநிலைப்பள்ளியில் நான்காம் வருஷம். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம். ஊழியம் செய்யவேண்டும் என்ற பாரம் முப்பது வயதிலிருந்தே இருக்கிறது. கூடவே இருக்கும் முதுகுவலி மாதிரி, சில நாள் தெரியாது, சில நாள் தூங்கவிடாது.

திறந்த கதவுகள் இவை. சிரம்பானில் உள்ள செமினாரி தியோலோஜி மலேசியா என்ற இறையியல் கல்லூரியில் முழுநேரமாகப் படிக்கச் சபை பரிந்துரைக்கத் தயார் என்று போதகர் ஐயா கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வாரம், செபராங் பிறையில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து போன்: இல்லத்திலேயே தங்கி நிர்வாகம் பார்க்க ஆள் வேண்டும், வருவீர்களா? மூன்றாவதைக் கதவு என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. கம்பெனியில் என்னை சுழற்சி ஷிப்டிலிருந்து நார்மல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை கைக்கு வந்தது. பிறையில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கும் பழைய சிநேகிதர், "பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க ஆள் இல்லப்பா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது வழி எப்போதும் இருப்பது: ஒன்றும் செய்யாமல், இன்னும் தெளிவு வரட்டும் என்று காத்திருப்பது.

லூக்கா 14இல் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று இயேசு சொல்கிறார். சரி என்று ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மகனின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் மூன்று கட்டம் போட்டேன்: வழி, நன்மை, செலவு. எழுதி முடித்து மனைவியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, பென்சிலை வாங்கி நான்காவதாக ஒரு கோடு இழுத்தாள்.

"செலவு எவ்வளவுன்னு எழுதிட்டீங்க. யார் கட்டப்போறாங்கன்னு எழுதலையே."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுக்க அந்த நான்காவது கட்டத்தைப் பற்றித்தான்.

முதலில் சிரம்பான். 1979இல் தொடங்கிய கல்லூரி, தமிழிலும் படிக்கலாம், பல சபைகளின் போதகர்கள் அங்கே படித்தவர்கள். படிப்பின் தரத்தில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. இருபத்தைந்து வயதில் இந்த அழைப்பு வந்திருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியிருப்பேன். 47இல் கணக்கு வேறு. என் அடிப்படைச் சம்பளம் 4,800 வெள்ளி (ரிங்கிட்). அதில் ஊழியர் சேமநிதியான இபிஎஃப்புக்கு என் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. இரண்டும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 1,150 வெள்ளி. வேலையை விட்டால் 55 வயது வரைக்குமான எட்டு வருஷத்தில், லாப ஈவைச் சேர்க்காமலே, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போகும். உள்ளே இருக்கும் பெரும்பகுதியையும் 55க்கு முன்னால் தொட முடியாது. கம்பெனி மருத்துவ அட்டை போகும். அதற்கு அரசாங்க மருத்துவமனை இருக்கிறது, ஒரு வெள்ளிக்குப் பார்த்துக்கொள்ளலாம், அது பெரிதில்லை. வீட்டுக் கடன்தான் பெரிது. பாலர் பள்ளிச் சம்பளத்தில் அதைக் கட்டி, கல்லூரிக் கட்டணமும் கட்டவேண்டும்.

ஆக, நான்காவது கட்டத்தில் யார் பெயர்? என் பெயர் இல்லை. நான் சிரம்பானில் நூலகத்தில் உட்கார்ந்து கிரேக்கம் படித்துக்கொண்டிருப்பேன். கட்டப்போவது அவள்.

"போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றுதான் சொன்னாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் மறுத்திருந்தால் சண்டை போட்டாவது பேசியிருப்போம். சம்மதித்துவிட்டால், அந்தச் சம்மதத்தைக் கர்த்தருடைய பதிலாக எடுத்துக்கொள்வது எனக்கு எவ்வளவு வசதி! எங்கள் லைனில் ஓர் ஊழியக்காரரின் மகன் வேலை செய்கிறார். அப்பா பெரிய விசுவாச வீரர், இன்றைக்கும் ஜனங்கள் அவர் பெயரைச் சொல்லிச் சாட்சி சொல்வார்கள். எஸ்பிஎம் (படிவம் 5 அரசுத் தேர்வு) முடித்த மறுவாரமே லைனில் வந்து நின்றேன், தம்பி தங்கை படிப்புக்கு என்று இவர் ஒரு நாள் கேண்டீனில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மீ கோரேங்கில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார்.

இதை வைத்து முழுநேர ஊழியத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சீனாவுக்குப் போக விரும்பினார், உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். 1893இல் ஜப்பானுக்குப் போய், நோயோடு திரும்பினார். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அவர் எந்தக் கட்டமும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை! ஆனால் அந்த அம்மா தனி ஆள். பந்தயத்தில் வைத்தது தன் உயிரை, தன் உடம்பை. அதனால்தான் அந்தக் கதையைப் படிக்கும்போது மனம் குளிர்கிறது. என் கதையில் பந்தயம் வேறொருத்தியின் வளையல்.

அடுத்தது முதியோர் இல்லம். உண்மையில் என்னை அதிகமாக இழுத்தது இதுதான். நான் கேட்கவில்லை, விண்ணப்பிக்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வந்தது. மறுநாள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். "நீங்க கேக்காமலே வந்திருக்கே, இது கர்த்தர்தான்" என்று ஏகமனதாகத் தீர்ப்பு. தங்குவதற்குப் பின்பக்கம் ஓர் அறை, மாதம் 1,900 வெள்ளி, சாப்பாடு அங்கேயே.

போய்ப் பார்த்தேன். பதினெட்டுப் பேர். நடைபாதையில் டெட்டால் வாசனையும் பழைய கஞ்சி வாசனையும் கலந்து நின்றது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாயங்காலம் ஆச்சா தம்பி?" என்று கேட்டார். மணி காலை பத்தரை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. அந்தக் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வர எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. வந்த பிறகு, நிர்வாகியிடம் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் சமூக நலத்துறையில் பதிந்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்தது காலாவதியாகி இரண்டு வருஷம். தீயணைப்புத் துறைக் கடிதம்? தேடினார், கிடைக்கவில்லை. கணக்குப் புத்தகம்? "அதெல்லாம் கர்த்தர் பாத்துக்குவார், பிரதர்."

மறுபடியும் அதே நான்காவது கட்டம். இவருடைய விசுவாசத்துக்கு யார் கட்டுகிறார்கள்? ராத்திரி ஒரு மின்கசிவு வந்தால், எழுந்து நடக்க முடியாத அந்தப் பதினெட்டுப் பேர். விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன், முதலில் பதிவைப் புதுப்பிப்போம், அப்புறம் பேசலாம் என்றேன். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. தாத்தாவின் கை இப்போதும் ஞாபகத்துக்கு வருகிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

கேட்காமல் வந்தது என்பதற்காகவே ஒன்று கர்த்தரிடமிருந்து வந்ததாகிவிடாது என்பதற்கு வேதத்திலேயே ஆள் இருக்கிறார். யோனா ஓடிப்போக யோப்பாவுக்கு வந்தபோது தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது; கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. ஜெபக்கூட்டத்தில் சொல்லியிருந்தால் நாமே கைதட்டி அனுப்பியிருப்போம். குகைக்குள் சவுல் தனியாக வந்து அகப்பட்டபோது தாவீதின் ஆட்கள், கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்றார்கள். நல்ல சிநேகிதர்கள்தான், வசனமும் தெரிந்தவர்கள்தான். பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள்: துரோவாவில் கர்த்தராலே கதவு திறக்கப்பட்டிருந்தும், தீத்துவைக் காணாததால் ஆவிக்கு அமைதல் இல்லை என்று மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுவிட்டதாக 2 கொரிந்தியர் 2இல் அவரே எழுதுகிறார். திறந்த கதவை விட்டுப் போனதற்காக யாரும் அவரைக் குற்றம் சாட்டவில்லை. அதே ஆள் எபேசுவிலிருந்து எழுதும்போது, "பெரிதும் அநுகூலமுமான கதவு எனக்குத் திறக்கப்பட்டிருக்கிறது, விரோதஞ்செய்கிறவர்களும் அநேகர் இருக்கிறார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்கிறார். ஆக, தடை வந்தால் கர்த்தர் மூடிவிட்டார் என்றும் சொல்ல முடியாது, சுலபமாக நடந்தால் அவர் திறந்தார் என்றும் சொல்ல முடியாது. நம் ஊரில் இரண்டையும் தினமும் சொல்கிறோம்.

காத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். நெகேமியாவும் காத்திருந்தாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். திரும்ப வாசித்துப் பார்த்தால், கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் வரைக்கும் அந்த மனுஷன் ஜெபித்ததோடு நிற்கவில்லை. ராஜா என்ன வேண்டும் என்று கேட்டதும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம், யாரிடமிருந்து மரம் என்றெல்லாம் அவரால் உடனே சொல்ல முடிந்திருக்கிறது. என் காத்திருப்பில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. கேட்டுப் பார்த்து இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம்தான் இருந்தது. அதற்குக் கட்டியது யார் என்றும் அந்த அடுக்குமாடிக்குப் போனபிறகு தெரிந்தது. என் சிநேகிதர் முதன்முதலில் என்னைக் கேட்டபோது படிவம் ஒன்றுக்குப் போன பையன், நான் போய்ச் சேர்ந்தபோது படிவம் மூன்று. பின்னம் கூட்டத் தெரியவில்லை.

இனி அந்த அடுக்குமாடி. கீழ்த்தளத்தில் ஒரு பல்நோக்கு அறை, இரும்புக் கம்பிக் கதவு. சாவி குடியிருப்போர் குழுத் தலைவரிடம். பூட்டைத் திறந்த பிறகும் கதவின் இடது மூலையைச் சற்றுத் தூக்கித் தள்ளினால்தான் நகரும். இல்லாவிட்டால் தரையில் கிறீச்சிட்டு நாலாவது மாடி வரை கேட்கும். உள்ளே பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெண்பலகை, எப்போதும் மை காய்ந்துபோகும் மார்க்கர். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தமிழில் படித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடமெல்லாம் மலாயில். கணக்கு தெரிந்த பிள்ளைக்கே கேள்வி புரிவதில்லை. "பாக்கி" என்றால் தெரியும், "பக்கி" என்று மலாயில் எழுதிப் போட்டால் விழிக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்ன அன்று வகுப்பே சிரித்தது.

பதினான்கு பேரில் கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டே பேர். இங்கேதான் நான் சறுக்கினேன். மூன்றாவது வாரம், நல்ல எண்ணத்தோடு, எல்லாருக்கும் ஒரு வேதாகமக் கதைப் புத்தகம் கொடுத்தேன், படம் போட்டது. மறுவாரம் ஒரு பாட்டி வந்தார். கையில் அந்தப் புத்தகம், காகிதப் பையில் சுற்றி. கோபமாகப் பேசவில்லை.

"கணக்கு சொல்லிக் குடுக்கிறீங்கன்னுதான் அனுப்பினேன் சார். இது எனக்குத் தெரியாம வந்துச்சு. தெரிஞ்சு வந்திருந்தா வேற."

அவ்வளவுதான் சொன்னார். புத்தகத்தை மேசையில் வைத்தார், ஒரு மூலைகூட மடங்கவில்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து கூட்டரசு அரசியலமைப்பை எடுத்துப் பார்த்தேன். 18 வயதுக்கு உட்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தீர்மானிக்க வேண்டும் என்று 12ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு சொல்கிறது. முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்பது 11(4). சட்டத்தை விடுங்கள், பாட்டி சொன்னதே போதும். அவர் என்னை நம்பியதற்கு நான் எடுத்த கூலி அந்தப் புத்தகம். அங்கேயும் என் விசுவாசத்துக்கு வேறொருவர் கட்டியிருக்கிறார்.

மறுவாரமே எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கதவில் "கணிதம், மலாய்" என்று மட்டும் எழுதி ஒட்டினோம். நான் யார், எந்தச் சபை என்பதையும் சொல்லிவிட்டேன். ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. இல்லத்தில் சான்றிதழ் கேட்ட வாயோடு நானும் பதில் சொல்லவேண்டும் இல்லையா? மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய், கட்டணம் வாங்காத வகுப்பு இது என்று விவரம் சொல்லி, என்ன செய்யவேண்டும் என்று கேட்டு, எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

"அப்போ இது டியூஷன்தானே? ஊழியமா?" என்று சபையில் ஒரு மூப்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஞாபகம் வந்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தவர் டென்மார்க் ராஜா அனுப்பிய ஆள். அதைவிடப் பெரிய திறந்த கதவு எது? அந்த ராஜாவின் சொந்தக் கோட்டைத் தளபதியே 1708இல் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டார். ஆனால் வந்த புதிதில் அவர் செய்தது, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் அ, ஆ எழுதிப் பழகியது. அந்த நாட்களை யாராவது ஊழியம் என்று எழுதியிருப்பார்களா என்று தெரியாது. மூப்பரிடம் இதைச் சொன்னேன். "நல்லா சமாளிக்கிறீங்க" என்றார். அதுவும் உண்மைதான்.

இந்த வழிக்குக் கட்டுவது யார் என்று பார்த்தால்: மாதம் அறுபது வெள்ளி, நகல் எடுக்கவும் மார்க்கருக்கும் பிஸ்கட்டுக்கும், என் பாக்கெட்டிலிருந்து. சனிக்கிழமை மத்தியானத் தூக்கம் என்னுடையது. பாடகர் குழுப் பயிற்சிக்கு வாரம் தவறாமல் போக முடிவதில்லை, அது குழுத் தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம். பெரும்பாலும் என் பெயர்தான். நான்கு வழிகளில் இது ஒன்றில்தான் அப்படி.

ஆனால் போதகர் ஐயாவிடம் நோட்டைக் காட்டியபோது அவர் ஒன்று சொன்னார், அதையும் எழுதாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. "எல்லாருக்கும் செலவு குறைவான வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீங்க. ஞானமா இருக்கலாம். பயமாகவும் இருக்கலாம். ரெண்டுக்கும் வெளியே ஒரே உடுப்புதான்." வெளிப்படுத்தின விசேஷத்தில் பிலதெல்பியா சபைக்குச் சொல்லப்பட்டதை எடுத்து வாசித்தார்: "உனக்குக் கொஞ்சம் பெலன் இருந்தும்... திறந்தவாசலை உனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்." கொஞ்சம் பெலன் உள்ளவர்களுக்கும் வாசல் உண்டு, அதற்காகக் கொஞ்சத்தோடே நின்றுவிடக்கூடாது என்றார். நான் வாதாடவில்லை.

அதனால் சிரம்பானை நான் மூடவில்லை. இளையவன் அடுத்த வருஷம் எஸ்பிஎம் எழுதுகிறான். அதுவரைக்கும் வேலையை விடாமல் பகுதி நேரமாக என்ன படிக்க முடியும் என்று விசாரிக்கிறேன். அவன் முடித்ததும் நோட்டை மறுபடி எடுப்போம். வேலையை விட்டுப் போகிறவர்கள் இபிஎஃப்பில் ஐ-சாரான் திட்டத்தின் கீழ் தாங்களாகவே கட்டலாம் என்று மனைவி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அப்போது நான்காவது கட்டத்தை அவள்தான் நிரப்புவாள், நான் இல்லை. என்னைப் போல நடு வயதில் தவிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்: அந்தக் கட்டத்தை நீங்களே எழுதாதீர்கள், கட்டப்போகிறவரிடம் பென்சிலைக் கொடுங்கள். இருபது வயதுக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுத் தயங்கவேண்டாம். உங்கள் கணக்கு பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும்.

போன சனிக்கிழமை பதினேழு பேர் வந்தார்கள். நாற்காலி பதினான்குதான். மூன்று பையன்கள் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பாட்டி வழக்கம்போல வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, மடியில் பூவை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பேரன் ஒழுங்காகப் படிக்கிறானா என்று பார்க்க வருவதாகத்தான் சொல்கிறார். நான் பையைத் திறக்கும்போதெல்லாம் அவர் கண் பூவிலிருந்து பைக்குப் போய்த் திரும்புகிறது.